5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் 500 மில்லி ஆம்ப் போர்டை எரித்துவிடுமா?

2024 பிப்ரவரி 8, இரவு 9.05 (வியாசர்பாடி தம்பியின் கேள்வி)

அண்ணா, எங்கள் தெரு கேரம் கிளப்புக்கு ஒரு ஸ்கோர் போர்டு செய்கிறேன். 5 வோல்ட் போர்டு, எல்லா எண்ணும் எரிந்தால் 500 மில்லி ஆம்ப் இழுக்கும். பழைய இரும்புக் கடையில் 12-0-12, 5 ஆம்ப் என்று ஸ்டிக்கர் ஒட்டிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எடைக்குக் கிடைத்தது. 5 ஆம்ப் உள்ளே போனால் போர்டு கருகிவிடும், ரெசிஸ்டர் போட்டுக் குறை என்கிறான் நண்பன். 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) போட்டாலும் அது 1 ஆம்ப்தானே தாங்கும், மீதி 4 ஆம்ப் எங்கே போகும்? மீட்டரை 10 ஆம்பில் வைத்து இது உண்மையில் எத்தனை ஆம்ப் கொடுக்கிறது என்று அளந்துவிட்டு ஆரம்பிக்கட்டுமா?

பிப்ரவரி 8, இரவு 10.20

முதலில் மீட்டரை எடுத்து ஓரமாக வை தம்பி. விலை குறைந்த மஞ்சள் மல்டிமீட்டரின் 10 ஆம்ப் துளைக்குப் பின்னால் இருப்பது ஒரு தடித்த கம்பித் துண்டு, அவ்வளவுதான். அந்தத் துளையில் வயரைச் செருகி டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனையிலும் வைத்தால் நீ எதையும் அளக்கவில்லை, நேராக ஷார்ட் செய்கிறாய். துளைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கிடையாது என்று அச்சடித்திருக்கும், பார். போதாததற்கு அந்த மீட்டரில் ஆம்ப் அளப்பது டிசிக்கு மட்டும்தான். 1993இல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மைக்செட் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் இதையே செய்தேன். புரோபின் முனை ஈயம் மாதிரி உருகி டெர்மினலில் ஒட்டிக்கொண்டது. பிளக்கைப் பிடுங்கின முதலாளி என் கையைத்தான் முதலில் பிடித்துப் பார்த்தார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். 5 ஆம்ப் உன் போர்டுக்குள் போகாது. நம் பக்கம் மீன்பாடி வண்டி தெரியும்தானே. முந்நூறு கிலோ தாங்கும் வண்டியில் ஒரு கூடை வஞ்சிரம் ஏற்றினால் கூடை முந்நூறு கிலோ ஆகிவிடாது. ஆம்ப் என்று டிரான்ஸ்ஃபார்மர் மேல் எழுதியிருப்பது வண்டியின் தாங்கும் கணக்கு. வோல்ட் மட்டும்தான் அது கொடுக்கும் கணக்கு. அந்த வோல்டேஜை வைத்துக்கொண்டு எவ்வளவு கரன்ட் இழுப்பது என்பதை உன் போர்டுதான் முடிவு செய்யும். 500 மில்லி ஆம்ப் இழுக்கும் போர்டு 500தான் இழுக்கும், பின்னால் இருப்பது 1 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரா 50 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மரா என்று அதற்குத் தெரியவே தெரியாது. மீதி 4 ஆம்ப் எங்கேயும் போகவில்லை, அது கிளம்பவே இல்லை.

உன் போர்டைக் கொல்லக்கூடியது அந்த 12 என்ற எண்தான். எல்லோரும் 5 ஆம்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், 12ஐப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

ரெசிஸ்டர் யோசனை வேண்டவே வேண்டாம். 12இலிருந்து 5க்கு இறக்க 7 வோல்ட் விழ வேண்டும், அரை ஆம்புக்கு 14 ஓம் என்று போடுவாய். ஸ்கோர் 88 என்று காட்டும்போது கணக்கு சரியாக வரும். 11 என்று காட்டும்போது? ஒன்றுக்கு இரண்டு கோடுதான் எரியும், எட்டுக்கு ஏழு கோடு. கரன்ட் 140 மில்லி ஆம்ப் வாக்கில் இறங்கும், ரெசிஸ்டரில் 2 வோல்ட்தான் விழும், மீதி 10 வோல்ட் போர்டில் ஏறி உட்காரும். முதல் ஆட்டம் முடிவதற்குள் ஐசி போய்விடும்.

பிப்ரவரி 9, காலை 6.15

ராத்திரி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, தூங்கவே விடவில்லை. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போர்டுக்கு ஆபத்தில்லை என்றேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரைதான் அது சரி. உள்ளே எங்காவது ஷார்ட் ஆனால் 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் 5 ஆம்போடு நிற்காது. தாங்குவது 5, ஆனால் தள்ளக்கூடியது அதைவிடப் பல மடங்கு. முழு லோடில் வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் என்றால், ஷார்ட்டில் ஏறக்குறைய பத்து மடங்கு கரன்ட் வரைக்கும் போகும். 50 ஆம்ப். உன் ஹூக்கப் வயர் சிவந்து அதன் பிளாஸ்டிக் சொட்டும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் அதே ஷார்ட் வந்தால் அது தானே சூடாகி அடங்கும், சேதம் அதோடு போகும்.

அதனால் ஆம்ப் கூடக் கூட ஃபியூஸ் கட்டாயம். ஏசியை டிசியாக்கப் போடும் டயோடு, கெப்பாசிட்டருக்கு அப்புறம், போர்டுக்குப் போகும் வயரில் 1 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று. பிரைமரியில் (வீட்டு லைன் பக்கச் சுற்றில்) தனியாக இன்னொன்று, அது மெதுவாகப் போகும் வகையாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்விட்ச் போட்ட முதல் நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பெரிய விழுங்கு விழுங்கும். சாதாரண ஃபியூஸ் அதற்கே போய்விடும். அப்புறம் ஆள் வெறுத்துப்போய் கம்பியை முறுக்கிப் போடுவான், அதுதான் மோசம்.

பிப்ரவரி 9, இரவு 11.00

"12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் எனக்கு 18.9 வருகிறது, மீட்டர் கெட்டுவிட்டதா" என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மீட்டர் நன்றாக இருக்கிறது. இதைத்தான் நேற்றே விரிவாக எழுத நினைத்தேன்.

12 என்பது ஏசி, ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) கணக்கு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, 17 வோல்ட். கெப்பாசிட்டர் உச்சியைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு டயோடு சேர்ந்த பிரிட்ஜில் ஒரு நேரத்தில் இரண்டு டயோடு வழியில் வரும், அதில் 1.4 போனால் 15.6. புத்தகத்தில் இத்தோடு முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த 12, முழு லோடு ஏறியபோது வரும் 12. லோடு இல்லாமல் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 13.5, 14 என்று காட்டும், ஏனென்றால் சுற்றியிருக்கும் கம்பியில் விழப்போகும் வோல்டேஜுக்கும் சேர்த்துத்தான் சுற்றுக் கணக்குப் போட்டிருப்பார்கள். 13.8ஐ உச்சிக்கு மாற்றினால் 19.5. 12-0-12இன் நடு வயரை (சென்டர் டேப்) வைத்து இணைத்தால் ஒரு டயோடுதான் வழியில் வரும், 0.7 போக 18.8. கொருக்குப்பேட்டைக்காரர் அளந்தது அதுதான். இத்தோடும் முடியவில்லை, வீட்டு லைன் 230இல் நிற்பதில்லை. நேரத்துக்குத் தக்கபடி மேலேயும் கீழேயும் போகும்.

இதில் நான் அடிவாங்கிய கதை ஒன்று உண்டு. 1998 வாக்கில் காசிமேட்டில் ஒரு டீக்கடைக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்தேன். டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி இரண்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர். அந்த ஐசியின் உச்ச வரம்பு கூட்டல் கழித்தல் 18 வோல்ட். 12ஐ 1.414ஆல் பெருக்கி, 0.7 கழித்து, 16.3 வருகிறது, தாராளம் என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். பகல் முழுக்கப் பாடியது. கடைக்காரர் ராத்திரி பாட்டை நிறுத்திவிட்டு செட்டை அணைக்காமல் போவார். மூன்றாம் நாள் விடியற்காலை கடை திறக்கும்போது ஒரு பக்கம் செத்திருந்தது. ஐசியை மாற்றினேன். ஒரு வாரத்தில் மறுபக்கம். சத்தமாக வைத்ததால் போனது என்று நான் கடைக்காரரைக் குறை சொன்னேன், அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. போனது பாடும்போது இல்லை, சும்மா இருக்கும்போது. லோடு இல்லை, தெருவில் எல்லோரும் தூங்கிய பிறகு லைன் ஏறும், இரண்டும் சேர்ந்து 18ஐத் தாண்டியிருக்கிறது. அப்புறம் டிடிஏ 2030 ஏ வாங்கிப் போட்டேன், கடைசியில் ஒரு எழுத்துதான் கூட, அது 22 வரை தாங்கும். அதன் பிறகு புகார் வரவில்லை. இன்று செய்வதாக இருந்தால் 9-0-9 போட்டிருப்பேன், சத்தம் கொஞ்சம் குறையும், ஐசி நிம்மதியாக இருக்கும்.

கெப்பாசிட்டருக்கும் இதே விதி. 12 வோல்டுக்கு 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதும் என்று கடையில் கொடுப்பார்கள், வாங்காதே. 25 கட்டாயம், 35 கிடைத்தால் அதை வாங்கு, சில ரூபாய்தான் வித்தியாசம். 12-0-12இல் நடு வயரை விட்டுவிட்டு இரண்டு ஓரத்தையும் பிரிட்ஜுக்குக் கொடுத்தால் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஆகிவிடும், கெப்பாசிட்டரில் 38 வரைக்கும் ஏறும். 7805 உள்ளே வாங்கும் உச்சம் 35. புதிதாகச் செய்பவர்களின் 7805 ஸ்விட்ச் போட்டதும் சாவது பெரும்பாலும் இதனால்தான், கடையில் போலி ஐசி கொடுத்தார்கள் என்று சண்டைக்குப் போவார்கள்.

பிப்ரவரி 10, அதிகாலை 2.40

எழுதிவிட்டுப் படுத்தவன் எழுந்து அளந்தேன். வீட்டு பிளக்கில் 246. மதியம் இதே பிளக்கில் 222 இருந்தது.

பிப்ரவரி 10, மாலை 4.30

246க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த டீக்கடை செட்டில் 20.2 வோல்ட் வந்திருக்கும். 18 வரம்புக்கு 20. இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் தெளிவாகியது.

சரி, ஆம்புக்கு வருவோம். ஏசி 1 ஆம்ப் என்று எழுதிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டிசி 1 ஆம்ப் எடுக்கலாம் என்று நினைக்காதே. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் போட்டால் 0.6 ஆம்ப்தான் நியாயமான வரம்பு. எளிய வழியில் சொல்கிறேன். 12 வோல்ட், 1 ஆம்ப், இரண்டையும் பெருக்கினால் 12 விஏ (வோல்ட் ஆம்ப்). டிசி பக்கம் 15.6 வோல்டில் 1 ஆம்ப் எடுத்தால் 15.6 வாட். 12 போட்டு 15.6 எடுக்க எந்தக் கடையிலும் முடியாது. இது பாதிக் காரணம். மீதிப் பாதி, டயோடு எப்போதும் திறந்திருப்பதில்லை. 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை உச்சி வரும், அந்த உச்சியை ஒட்டி இரண்டு மூன்று மில்லி செகண்ட் மட்டும் திறக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் மொத்தக் கரன்டும் குபுக்கென்று வர வேண்டும். சராசரி 1 ஆம்ப் என்றாலும் வரும்போது நாலைந்து ஆம்பாக வரும். கம்பி சூடாவது கரன்டின் வர்க்கத்துக்கு, அதனால் வைண்டிங்குக்கு அது 1 ஆம்ப் சூடு இல்லை, 1.6, 1.8 ஆம்ப் சூடு.

டேட்டா ஷீட் (ஐசியின் வரம்புகளைக் கம்பெனி எழுதித் தரும் தாள்) இலவசமாகக் கிடைத்தாலும் அதைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு தடவை படியுங்கள், நிறைய ஐசி பிழைக்கும்.

பிப்ரவரி 10, இரவு 10.10

7805 சூட்டைப் பற்றி ஒருவர் கேட்டார். உள்ளே 15, வெளியே 5, நடுவில் 10 வோல்ட், அரை ஆம்ப், 5 வாட் வெறும் சூடு. ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத 7805 ஒரு வாட்டுக்கு 50, 60 டிகிரி ஏறும். 5 வாட்டுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அது எரியாது, உள்ளேயே ஒரு காவல் இருக்கிறது, சூடு தாண்டியதும் அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி வரும். போர்டு விட்டுவிட்டு எரிகிறது, புரோகிராமில் தப்பு என்று ராத்திரி முழுக்கத் தேடுவோம்.

தம்பி, உனக்கு எல்எம் 2596 மாட்யூல் சொல்கிறேன். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இருக்கும், 40 வோல்ட் வரை உள்ளே வாங்கும். வோல்டேஜை எரித்துக் குறைக்காமல் வெட்டி வெட்டிக் கொடுக்கும், அதனால் உள்ளே கேட்கும் கரன்டும் குறையும். 5 வோல்டில் அரை ஆம்ப் என்பது 2.5 வாட், நஷ்டம் சேர்த்து 3 வாட், 17 வோல்ட் பக்கம் 0.18 ஆம்ப் வந்தால் போதும். ஒன்று மட்டும்: போர்டை இணைக்கும் முன்னாலேயே அதன் மேலிருக்கும் பித்தளைத் திருகைத் திருப்பி 5 வோல்ட் வைத்துவிடு. கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்டில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 11, காலை 9.00

நேற்று 0.6 என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக எழுதியதைத் திருத்துகிறேன். தண்டையார்பேட்டையில் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் காலையிலேயே போன் பண்ணிவிட்டார், நாற்பது வருஷமாகக் கம்பி சுற்றும் கை. "பிரிட்ஜுக்கு நீ சொன்னது சரிடா. சென்டர் டேப்பில் ரெண்டு டயோடு போட்டா ஒரு நேரத்துல ஒரு பாதிதானே வேலை செய்யுது, இன்னொரு பாதி ஆறிக்கிட்டு இருக்கே" என்றார். உண்மை. அந்த இணைப்பில் எழுதியிருக்கும் ஆம்புக்குச் சமமாகவே டிசி எடுக்கலாம். கேட்டால் பிரிட்ஜைவிட இது லாபம் மாதிரி தெரியும். அப்படி இல்லை, இரண்டு பாதிக் கம்பிக்கும் காசு கொடுத்து ஒரு பாதி வோல்டேஜ்தான் எடுக்கிறோம். கணக்கு கடைசியில் நேராகிவிடுகிறது.

எத்தனை கேஜ் கம்பி எத்தனை ஆம்ப் என்றும் அவரிடம் கேட்டேன். 22 கேஜ் ஒரு ஆம்புக்கு என்று மனதில் வைத்துக்கொள் என்றார். வந்து கணக்குப் பார்த்தேன், 22 எஸ்டபிள்யூஜி 0.71 மில்லிமீட்டர், பரப்பு 0.4 சதுர மில்லிமீட்டர், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2.5 ஆம்ப் ஆகிறது. பட்டறைக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒன்றாகவே வருகிறது.

பிப்ரவரி 11, இரவு 8.45

தம்பி ஞாயிற்றுக்கிழமை என்று மஞ்சப்பையில் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கே வந்துவிட்டான். பையைக் கையில் வாங்கியதும் எனக்குச் சந்தேகம். 5 ஆம்ப் இவ்வளவு லேசாக இருக்காது. கீழே மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 930 கிராம். 12-0-12இல் 5 ஆம்ப் என்றால் 24ஐ 5ஆல் பெருக்கி 120 விஏ, அந்த அளவு ஸ்டாம்பிங்கும் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) செம்பும் சேர்ந்தால் இரண்டு கிலோ பக்கம் வர வேண்டும். ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் 50 விஏ வாக்கில்தான். அதாவது 2 ஆம்ப். ஸ்டிக்கர் யாரோ ஒட்டியது.

எடையை மட்டும் நம்பி ஒரு பொருளைப் பழிக்கக் கூடாது என்று லோடு போட்டுப் பார்த்தோம். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டூவீலர் மெக்கானிக்கிடமும் கார் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட் பல்புகள்தான் என்னுடைய லோடு பெட்டி. 10 வாட் பல்பு முக்கால் ஆம்புக்குக் கொஞ்சம் மேலே, 21 வாட் 1.75 ஆம்ப், ஹெட்லைட் 60 வாட் 5 ஆம்ப்.

லோடு இல்லாமல் ஒவ்வொரு பாதியிலும் 13.9. பாதிக்கு ஒன்றாக 21 வாட் பல்பு இரண்டு போட்டதும் 12.3. ஆகா, இதுதான் இதன் உண்மையான இடம். ஹெட்லைட் இரண்டைப் போட்டதும் 9.7க்கு விழுந்தது, பல்பு மஞ்சளாக மங்கியது, டிரான்ஸ்ஃபார்மர் கனமாக முனகியது. ஐந்து நொடியில் கழற்றிவிட்டேன். 12 என்று எழுதிவிட்டு 5 ஆம்பில் 9.7 கொடுத்தால் அது 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. தம்பியின் முகம் வாடிவிட்டது. உனக்கு வேண்டியது அரை ஆம்ப்தானே, நாலு மடங்கு இருக்கிறது என்றேன், அப்புறம்தான் டீயைக் குடித்தான்.

சூடு பார்ப்பதையும் காட்டினேன். கையை வைத்துப் பார்ப்பது இரும்பின் சூடு, கம்பி உள்ளே அதைவிட அதிகம் கொதிக்கும். செம்பின் ரெசிஸ்டன்ஸ் சூட்டோடு ஏறும், அதுவே தெர்மாமீட்டர். ஆரம்பிக்கும் முன் பிளக்கில் செருகாமல் பிரைமரியை அளந்தோம், 62.0 ஓம், அறை 29 டிகிரி. 21 வாட் பல்பு இரண்டோடும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, உடனே மறுபடி அளந்தோம், 72.4. கணக்கு இப்படி: 29ஓடு 234.5ஐக் கூட்டி, 72.4ஆல் பெருக்கி, 62ஆல் வகுத்து, 234.5ஐத் திரும்பக் கழிக்க வேண்டும். 73 டிகிரி. வெளியே கை வைத்தால் பொறுக்கும் சூடுதான் இருந்தது. சாதாரண இன்சுலேஷன் 105 வரை தாங்கும். இது பிப்ரவரி. கத்திரி வெயிலில் மூடின பெட்டிக்குள் இதே லோடு என்றால் 85ஐத் தாண்டும், அப்போதும் பிழைக்கும், ஆனால் அதற்குமேல் ஏற்ற இடமில்லை. 2 ஆம்ப் என்று பேனாவால் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 12, இரவு 9.30

"ஹெட்லைட் போட்டதும் முனகியது என்றால் கோர் சாச்சுரேட் ஆகிவிட்டது, அதிக கரன்ட் எடுத்தால் அப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதாவது உள்ளே இருக்கும் இரும்பு அதற்குமேல் காந்தம் வாங்க முடியாமல் திணறுகிறது என்கிறார். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. கோருக்கு ஏறும் காந்தம் பிரைமரி வோல்டேஜ், சுற்றுகளின் எண்ணிக்கை, லைன் ஃபிரீக்வன்சி இவற்றைப் பொறுத்தது, செகண்டரியில் (வெளியே கொடுக்கும் சுற்றில்) எவ்வளவு இழுக்கிறாய் என்பதைப் பொறுத்தது இல்லை. லோடு ஏற்றினால் பிரைமரிக் கம்பியில் கொஞ்சம் வோல்டேஜ் விழுந்து கோருக்குச் சேரும் காந்தம் துளி குறையவே செய்யும். அதிக கரன்ட் சுடுவது கம்பியை. அதிக வோல்டேஜ் மூச்சுத் திணற வைப்பது கோரை. வரம்பு இரண்டும் தனித்தனி. நேற்று கேட்ட முனகல், இறுகாத ஸ்டாம்பிங்கும் சுற்றும் அவ்வளவு கரன்டில் அதிர்ந்த சத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

கோர் திணறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஜப்பான் செட் போதும். பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரெக்கார்டரை வீட்டில் நேராகச் செருகிவிட்டு எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். அங்கே லைன் 100 வோல்ட். நம் 230இல் இரண்டே கால் மடங்குக்கு மேல், இரும்பு 1.5 டெஸ்லா (காந்தத்தின் அளவு) வாக்கிலேயே திணற ஆரம்பிக்கும், பெரும்பாலான டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. திணறியதும் பிரைமரி வெறும் கம்பி மாதிரி ஆகி, செகண்டரியில் எதுவும் இணைக்காமலேயே கருகும். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயருக்கு 110 வோல்ட் கன்வெர்ட்டர் போட்டும் சூடாகிறதா? அது 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது, நம்முடையது 50, அதே வோல்டேஜில் காந்தம் 20 சதவீதம் கூட ஏறும். கன்வெர்ட்டர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

பிப்ரவரி 14, காலை 7.20

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். பழைய இரும்புக் கடை டிரான்ஸ்ஃபார்மரை முதல்முறை நேராக பிளக்கில் செருகாதீர்கள். சீரிஸ் பல்பு வழியாகச் செருகுங்கள். ஃபேஸ் வயரை வெட்டி நடுவில் ஒரு ஹோல்டர், அதில் 60 வாட் குண்டு பல்பு, எல்இடி பல்பு உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் முழுக்க ஷார்ட் ஆகியிருந்தாலும் கால் ஆம்புக்கு மேல் போக அந்த பல்பு விடாது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு மின்னு மின்னிவிட்டு அணையும், அல்லது இழை மட்டும் லேசாகச் சிவந்து நிற்கும். உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் பளீரென்று எரிந்துகொண்டே இருக்கும், அப்போது செம்புக்குத்தான் விலை. இந்த பல்பு டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும், உங்கள் கையைக் காப்பாற்றாது. கால் ஆம்ப் ஆளைக் கொல்லப் போதும்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். கடல் காற்றில் டெர்மினல் பச்சை பூத்துப்போகும், ஸ்டாம்பிங் துரு பிடிக்கும், ஈரம் இறங்கினால் பிரைமரிக்கும் இரும்புக்கும் நடுவில் கசியும். இரும்பை எர்த்தில் கட்டுங்கள், மூன்று முனை பிளக் போடுங்கள். பழைய மைக்ரோவேவ் அவனிலிருந்து கழற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கையில் கிடைத்தால் அதைப் பரிசோதிக்கவே வேண்டாம். அதன் செகண்டரியில் 2000 வோல்ட், அரை ஆம்ப். ஒரு தடவை தொட்டால் இரண்டாவது தடவை கிடையாது.

பிப்ரவரி 18, இரவு 10.50

தம்பி போர்டை முடித்துவிட்டான், இன்று சாயங்காலம் வியாசர்பாடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சென்டர் டேப், 1என் 5408 டயோடு இரண்டு, 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட், 2596 மாட்யூல், பிரைமரியில் கால் ஆம்ப் மெதுவான ஃபியூஸ், மாட்யூலுக்கு முன்னால் அரை ஆம்ப். நான் 1 ஆம்ப் என்று எழுதியது 7805 கணக்குக்கு, மாட்யூல் வந்ததும் இழுப்பது குறைந்துவிட்டது என்று அவனே யோசித்துக் குறைத்திருக்கிறான். கெப்பாசிட்டரில் 18.6, போர்டில் 5.02, எட்டும் எட்டும் எரிந்தபோதும் ஒன்றும் ஒன்றும் எரிந்தபோதும் அதே 5.02. மூன்று மணி நேரம் ஆட்டம் நடந்தது, டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்தேன், குளிக்கிற வெந்நீர் சூடுதான்.

பெட்டியில் ஒரே ஒரு குறை. பிரைமரி வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை, தகரம் வயரை அறுக்கும். நாளைக்கே மாட்டிவிட்டுப் படம் அனுப்பு தம்பி.